அட்டையை மட்டும் குளிராக வைத்திருந்தேன்

போன மாதம் பரமேஸ்வரி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற அன்று என்னிடமிருந்து தடுப்பூசிக் கிடங்கின் சாவியை வாங்கிக்கொண்ட மருந்தாளுநர் அவள். ஊழியர் மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம்.

"சார், இப்ப ஃப்ரிட்ஜ் கொஞ்சம் சூடானாலே என் செல்லுக்கு மெசேஜ் வருது. எந்தப் பெட்டி எந்த ஊர்ல இருக்குன்னு ஸ்கிரீன்லயே தெரியுது. இதெல்லாம் இல்லாத காலத்துல நீங்க இன்னா பண்ணீங்கன்னு எழுதுங்க சார். புதுசா வர்றவங்க தெரிஞ்சுக்கட்டும்."

பிறகு சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "ஓயாம மெசேஜ் வருதுன்னு இங்க ஒருத்தர் அந்தக் கருவியோட முனைய எடுத்து ஐஸ் தண்ணி பாட்டில்ல போட்டு வெச்சிட்டாரு சார். ரெண்டு நாளா ஒரே அமைதி. நாந்தான் கண்டுபுடிச்சித் திட்டினேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதுகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். அவள் எதிர்பார்ப்பது ஜீப் இல்லாமல் நடந்த கதை, மழையில் பெட்டியைத் தலையில் சுமந்த கதை. அதெல்லாம் நடந்ததுதான். ஆனால் அந்த பாட்டில் வேலையை அவருக்கு முன்னாலேயே செய்தவன் நான். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் இன்னொரு பொய்யாகிவிடும்.

நான் புதூர்நாட்டுப் பக்கத்து மலைக்காரன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா சாமை விதைப்பார், காலத்தில் புளி உலுக்குவார், எங்கே கையெழுத்துக் கேட்டாலும் பெருவிரலை நீட்டுவார். திருப்பத்தூரில் விடுதியில் தங்கிப் பத்தாவது முடித்தேன். பிறகு சுகாதார உதவியாளர் பயிற்சி. அங்கே ஊசி பிடிக்கவும், பதிவேடு எழுதவும், பெரியவர்களைப் பார்த்தால் எழுந்து நிற்கவும் கற்றுக்கொண்டேன். எண்பதுகளின் நடுவில் மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் தற்காலிக வேலை கிடைத்தது. மலைப்பாதை தெரிந்தவன் என்று மலைக்கு மருந்து கொண்டுபோகும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

என்னோடு மலைக்கு வருபவர் ஆரோக்கியமேரி சிஸ்டர். ஊசி போடும் கை அவருடையது. சந்தவாசல் பக்கம் ஊர். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். பகுதி சுகாதார செவிலியர் பதவி உயர்வுக்கான பட்டியலில் அவர் பெயர் இருந்தது. மலைக்காரப் பெண்கள் அவரை 'ஊசிக்காரம்மா' என்பார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போதும் வாய் ஓயாது. "தம்பி, உங்க ஊரு ஆளுங்க ஏன் எல்லாரும் ஒல்லியா இருக்காங்கன்னு இப்பத்தான் புரியுது. ஒரு டம்ளர் மோர் வாங்கக்கூட மேல ஏறணும்" என்பார்.

வேலை இப்படித்தான் நடக்கும். விடிந்ததும் நான் நிலையத்தைத் திறப்பேன். உறைபெட்டியிலிருந்து ஐஸ் கட்டிப் பைகளை எடுத்து மேசைமேல் வைத்து, அவை வேர்க்கும்வரை காத்திருக்க வேண்டும். வேர்க்காத பையை அப்படியே வைத்தால் சில மருந்து உறைந்து கெட்டுவிடும். வேர்த்த பிறகு துடைத்து, பெட்டியின் நாலு சுவரிலும் நிற்க வைத்து, நடுவில் பாலிதீன் பையில் மருந்துக் குப்பிகளை வைத்து, மேலே பஞ்சு மெத்தையைப் போட்டு மூடியை அழுத்த வேண்டும். பிறகு வழியில் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. மணல்வாரிக்கான மருந்து பொடியாக இருக்கும். அதற்குரிய தண்ணீரில் கலக்கிய பிறகு அதற்கு ஆயுசு சில மணி நேரந்தான், அதுவும் ஐஸ்மேல் இருந்தால். மணல்வாரி என்று எங்கள் பக்கம் சொல்வது தட்டம்மையை.

அந்த வருடம்தான் அட்டை வந்தது.

உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய அட்டை. அதில் ஏ, பி, சி, டி என்று நாலு சின்னச் சன்னல்கள். ஓரத்தில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் தாளைப் பிடித்து இழுத்தால் அட்டைக்கு உயிர் வந்துவிடும். அதன்பிறகு எங்கே சூடு பட்டாலும் சன்னல்கள் ஒவ்வொன்றாக வெள்ளையிலிருந்து நீலமாகும். மறுபடி ஐஸில் வைத்தாலும் வெள்ளைக்குத் திரும்பாது. மருந்து செய்த இடத்திலிருந்து குழந்தையின் கைவரை எந்தக் கட்டத்தில் குளிர் விட்டுப்போனது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். எந்தச் சன்னல் நீலமானால் எந்த மருந்தைத் தூக்கி எறிய வேண்டும் என்று பின்பக்கம் அச்சடித்திருக்கும். மற்ற இடங்களில் அட்டை நிலையத்து ஃப்ரிட்ஜோடு நின்றுவிடும். எங்கள் மலைக்கு மட்டும் சோதனை முறையில் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு அட்டை. அது பெட்டிக்குள் குப்பிகளோடு போய், கடைசி ஊர்வரை இருந்து, திரும்பி வர வேண்டும். நேரம், இடம், சன்னல்களின் நிறம் எழுதி, கொண்டுபோனவனும் ஊசி போட்டவரும் கையெழுத்திட வேண்டும்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் மாவட்டத்துக்கான தடுப்பூசி அதிகாரி. அவர் ஒரு டாக்டர். கடைநிலை ஊழியரைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் சொல்வார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும், அதுதான் அவரிடம் பயம். அறைக்குள் போனால் நம் முகத்தைப் பார்க்க மாட்டார். கையை மட்டும் நீட்டுவார். அட்டையை வாங்கி சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நாலு சன்னலையும் பார்த்து முடித்த பிறகுதான் 'உக்காருங்க'. ஏதாவது விளக்கம் சொல்ல வாய் திறந்தால், "அட்டை பேசட்டும் முருகேசன். நீங்க அப்புறம் பேசலாம்" என்பார்.

என் முதல் அட்டை இரண்டு சன்னல் நீலமாக வந்தது. ஜீப் ஏற்றத்தில் இரண்டு தடவை நின்றது, பிறகு மூன்று ஊருக்கு நடை. கடைசி ஊருக்குப் போகும்போது ஐஸ் பையில் தண்ணீர் சலசலவென்றது. அதிகாரி அட்டையைப் பார்த்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"முருகேசன் அவர்களே, மலை இந்த மருந்துக்கு ஏத்த இடமில்லை போல இருக்கு. இதே மாதிரி இன்னும் ரெண்டு அட்டை வந்தா மலை முகாமை நிறுத்திடலாம். வேணுங்கிறவங்க கீழ வரட்டும்."

யாரும் கீழே வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் வேலையை விட்டு ஒரு ஊசிக்காக யார் இறங்குவார்கள்? நான்தான் ஊர் ஊராகப் போய், "இதப் போட்டா மணல்வாரி வராது" என்று பேசிப் பேசி சம்மதிக்க வைத்திருந்தேன். பக்கத்து ஊர் காளியம்மா, "முருகேசண்ணா, படிச்சவன் நீ சொல்ற, அதனால காட்றேன்" என்று தன் மகள் மல்லிகாவின் கையை நீட்டியவள். அந்த மலைக்கு ஊசி நின்றுபோவது என் வேலை நின்றுபோவதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இப்படி நான் பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பாதிதான் உண்மை. மறு பாதி, அந்த அதிகாரி என் அட்டையைப் பார்த்து ஒரு தடவையாவது தலையாட்ட வேண்டும் என்கிற ஆசை.

அடுத்த பயணத்தில் அட்டையைக் குப்பிகள் நடுவில் வைக்காமல், ஐஸ் பையோடு ஒட்டிச் சொருகினேன். பெட்டிக்குள்தானே இருக்கிறது, இதில் என்ன தப்பு என்று நினைத்தேன். ஒரு சன்னல் மட்டும் லேசாக நீலம் காட்டியது. அதற்கடுத்த பயணத்துக்கு ஒரு நாள் முன்னால் மின்சாரம் போய்ப் போய் வந்தது. காலையில் ஐஸ் பைகள் பாதிதான் உறைந்திருந்தன. அன்று நான் அட்டையின் நாக்கை இழுத்தேன், புறப்பட்ட நேரம் எழுதினேன், அட்டையை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனேன்.

சாயந்திரம் இறங்கி வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தேன். நாலு சன்னலும் பால் மாதிரி வெள்ளை. சிஸ்டரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மலைக்கே வரலியே தம்பி?"

"ஈரமாயிடும்னு இங்கயே வெச்சிட்டேன் சிஸ்டர். ஐஸ் நல்லாத்தான இருந்துச்சி?"

"கடைசி ஊர்ல தண்ணியாத்தான் கெடந்துச்சி."

"மொத ஊர்ல நல்லா இருந்துச்சில்ல?"

சிரித்துவிட்டார். "அட்டைக்கு குளிராம ஒரு ஸ்வெட்டர் வாங்கிப் போடு. உனக்குப் பொண்ணு பாக்கும்போதுகூட ஏ, பி, சி, டி நாலும் பாத்துட்டுத்தான் தாலி கட்டுவ போலிருக்கு" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதுவே பழக்கமாகிப்போனது. நான் நீட்டுவேன், அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே போடுவார்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊசி போடுவதற்கு முன்னால் அவர் ஒவ்வொரு ஊரிலும் பெட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்து என்னைக் கேட்பார். "போடலாமா தம்பி?" குளிருக்குப் பொறுப்பு நான். ஐஸ் கரைந்து தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்த நாளிலும் நான், "போடலாம் சிஸ்டர்" என்றேன். பெண்கள் குழந்தைகளோடு வரிசையில் நிற்பார்கள். போய்ட்டு அப்புறம் வாங்க என்று சொன்னால் அடுத்த தடவை வரமாட்டார்கள் என்பது என் கணக்கு. உடைக்காத குப்பிகளைத் திரும்பக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் வைப்பேன். அடுத்த பயணத்தில் அதே குப்பிகள் மறுபடி மலையேறும். மறுபடி வேகும். அவை எத்தனை முறை வெந்தன என்று கணக்கு வைக்க வேண்டியது அட்டை. அட்டையோ நிலையத்தில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அதிகாரி தலையாட்டினார். தலையாட்டியது மட்டுமா? மாதாந்திரக் கூட்டத்தில் என் அட்டைகளை மற்ற நிலையத்துக்காரர்களிடம் சுற்றுக்கு விட்டார். "கையெழுத்தைப் பாருங்க, ஒரு அடித்தல் கிடையாது. மலையிலேயே இவ்வளவு ஒழுங்கா கொண்டுபோக முடியுதுன்னா, சமவெளியில் நமக்கு என்ன சாக்கு?" என்றார். எனக்கு முதுகு நிமிர்ந்தது.

அதே கூட்டத்தில்தான் அது நடந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் ஃப்ரிட்ஜ் ஒன்று மாவட்டத்துக்கு வந்திருந்தது. மின்சாரம் இல்லாத மலை ஊரில் வைத்துக்கொள்ளத் தோதானது. இன்னொரு மலைப் பக்கத்து நிலையத்துக்காரர் எழுந்து நின்றார். அவருடைய அட்டைகள் எல்லாம் நீலம். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அதிகாரி அந்த நீல அட்டைகளை அடுக்கிக் காட்டி, "குளிர் எங்கே அறுந்து போகுதுன்னு இது தெளிவாச் சொல்லுது. மூணாவது மணி நேரத்துல. அந்த இடத்துல ஃப்ரிட்ஜை வெச்சிடுவோம்" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். "நம்ம முருகேசனுக்கு அது தேவைப்படாது."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நீல அட்டை என்னைத் திட்டவில்லை, எனக்காக உதவி கேட்டது என்று எனக்கு அங்கேயே புரிந்திருக்க வேண்டும். எங்கே உதவி வேண்டும் என்று மேலே சொல்வதற்கு இருந்த ஒரே வாயை நான் பொத்திவிட்டேன். மலை முகாமை நிறுத்துவேன் என்று அவர் சொன்னது நிஜமாக இருக்கலாம், வெறும் மிரட்டலாகவும் இருக்கலாம். இரண்டு நீல அட்டைக்குமேல் நான் அனுப்பியிருந்தால் தெரிந்திருக்கும். நான் அனுப்பவில்லை.

அந்தக் கோடை முடிந்து முதல் மழை விழுந்த சமயம் மலையில் மணல்வாரி வந்தது. பலாப்பழக் காலம். ஊர் முழுக்கப் பழ வாசனை, வீட்டுக்கு வீடு வேப்பிலை. ஊசி போடாத பிள்ளைகளுக்கு வந்தது. ஊசி போட்ட பிள்ளைகளுக்கும் அப்படியே வந்தது. மல்லிகாவுக்கு அப்போது இரண்டு வயது. தடிப்பு இறங்கின பிறகு கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் அழுதுகொண்டே இருந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வலது கண் வெந்த முட்டை மாதிரி வெளுத்திருந்தது. சிஸ்டர் அவளை மடியில் போட்டுக்கொண்டு இடது கண்ணுக்கு மருந்து தடவினார். "இந்தக் கண்ணயாவது காப்பாத்திரலாம்மா, கீழ கொண்டாந்துரு" என்று காளியம்மாவிடம் கெஞ்சினார். இடது கண் தப்பியது. வலது கண் போனது போனதுதான்.

ஊசி போட்டும் ஏன் வந்தது என்ற கேள்வி மாவட்டம்வரை போனது. அதிகாரி நிலையத்துக்கே விசாரணைக்கு வந்தார். காளியம்மாவையும் ஜீப்பில் அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள்.

அறைக்குள் கூப்பிடுவதற்கு முன்னால், காயத்துக்கு மருந்து கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் சிஸ்டர் என்னை நிறுத்தினார்.

"தம்பி, அட்டை வெள்ளையா இருக்கறதால மருந்து மேல தப்பில்லன்னு சொல்லுவாங்க. அப்ப யாரு மேல வரும்?"

நான் அங்கிருந்த பஞ்சுச் சுருளை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன்.

"எம் மேலதான வரும்? நான் உன்ன மாட்டி உட மாட்டேன். பாக்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு, அத நான் ஒத்துக்குறேன். மீதிய நீயே சொல்லிடு. உன் வாயால வந்துச்சின்னா உனக்கும் கொறைச்சலா முடியும். சொல்லுவியா?"

"சொல்றேன் சிஸ்டர்."

"போடா, பயப்படாத" என்று என் தோளில் தட்டினார்.

அதிகாரி மேசைமேல் என் அட்டைகளை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். எல்லாம் வெள்ளை. வாசல் ஓரம் காளியம்மா மல்லிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"முருகேசன் அவர்களே, இந்த அட்டைகள் எல்லாம் மருந்தோட பெட்டியில மலைக்குப் போனவைதானே?"

சொல்ல வேண்டிய சொல் என் வாயில் இருந்தது. அவர் அட்டையிலிருந்து கண்ணை எடுத்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். என் வேலை நிரந்தரமாவதற்கான காகிதம் அவர் கையெழுத்துக்குப் போயிருந்தது. அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

"ஆமா சார். பெட்டியிலதான் இருந்துச்சி."

அவர் சிஸ்டர் பக்கம் திரும்பினார். "இது உங்க கையெழுத்துதானே அம்மா?"

"ஆமா சார். ஆனா அட்டை மலைக்கு வந்து நான் பாக்கல."

"பார்க்காமலா கையெழுத்துப் போட்டீங்க?"

"தம்பி நீட்டினாரு, போட்டேன். என் தப்புதான் சார்."

அதிகாரி மறுபடி என்னிடம் வந்தார். இரண்டாவது தடவையும் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. அதை நான் மறைக்க மாட்டேன்.

"சிஸ்டர் ஒவ்வொரு ஊர்லயும் அட்டையப் பாத்துதான் சார் ஊசி போட்டாங்க" என்றேன்.

சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால், அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேசையைப் பார்த்தபடி நின்றார். அதிகாரி எழுதிக்கொண்டே மெதுவாகப் பேசினார். மருந்து கடைசிவரை குளிராக இருந்ததற்கு ஆதாரம் இருக்கிறது, ஆகவே கலக்கிய மருந்தை நேரம் தாண்டிப் போட்டிருக்க வேண்டும், அல்லது சரியாகப் போடாமலே போட்டதாக எழுதியிருக்க வேண்டும். "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று காளியம்மாவைக் கேட்டார்.

"நான் இன்னா சாமி சொல்றது? மருந்து நல்ல மருந்துன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப இவ தண்ணியத்தான் குத்தியிருக்கா."

வெளியே வந்தபோது சிஸ்டர் மல்லிகாவின் முகத்தைத் தொட்டு இடது கண்ணைப் பார்க்கக் குனிந்தார். காளியம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டு அவர் வெள்ளைச் சேலைமேல் காறித் துப்பினாள். நிலையத்து வாசலில் நோயாளிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அட்டைகளைக் கையில் அடுக்கிப் பிடித்துக்கொண்டு மூன்றடி தூரத்தில் நின்றேன். சிஸ்டர் தலைப்பால் துடைத்துக்கொண்டு, பையை எடுத்து, பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.

பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். மாவட்டத்தின் இன்னொரு மூலைக்கு மாற்றினார்கள். கடைசிவரை அவர் அதே பதவியில்தான் இருந்து ஓய்வு பெற்றார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். என் வேலை நிரந்தரமானது. அட்டை பற்றி மற்றவர்களுக்கு வகுப்பெடுக்க என்னையே அனுப்பினார்கள். அந்த விசாரணைக்குப் பிறகு ஒரு அட்டையைக்கூட நான் பெட்டிக்கு வெளியே வைத்ததில்லை. நீலம் வந்தால் நீலம் என்று எழுதினேன். மலை முகாம் நிற்கவும் இல்லை. அடுத்த வருடம் எங்களுக்கும் மண்ணெண்ணெய் ஃப்ரிட்ஜ் வந்தது. ஆனால் அந்த ஊர்ப் பெண்கள் பல வருடம் பிள்ளைகளைக் காட்டவில்லை. "தண்ணி ஊசி" என்று கதவைச் சாத்தினார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டு அடுத்த ஊருக்கு நடப்பேன்.

முப்பது வருடத்துக்கு மேலான வேலையில் நல்லதும் செய்திருக்கிறேன். அதை எழுத இங்கே இடமில்லை.

பரமேஸ்வரி போன் செய்த மறு வாரம், பழைய ஊழியர் ஒருவரிடம் விசாரித்துக்கொண்டு சிஸ்டரின் ஊருக்குப் போனேன். எழுபதைத் தாண்டியிருந்தார். வாசலில் கல் பெஞ்சில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்கு நேரமே ஆகவில்லை.

"முருகேசனா? முடியெல்லாம் கொட்டிப்போச்சே. ஒக்காரு."

நின்றுகொண்டே சொன்னேன். நான் செய்தது, அறையில் சொன்னது, எல்லாவற்றையும் இலாகாவுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்பது. அவர் உரிப்பதை நிறுத்தவில்லை.

"எழுதி? என் ஃபைலு இந்நேரம் கரையான் தின்னிருக்கும். அந்த டாக்டரும் போய்ச் சேந்துட்டாரு. பட்டியல்ல பேரு எடுத்தாங்க, மாத்தினாங்க, சரி, சம்பளம் குடுத்தாங்க, பொழைச்சேன். அதெல்லாம் ஆறிப்போச்சி. அந்தப் பொண்ணாண்ட சொல்லிட்டியா?"

"எந்தப் பொண்ணு சிஸ்டர்?"

"காளியம்மாடா. நான் தண்ணியக் குத்தி அவ புள்ள கண்ண அவிச்சேன்னுதான அவ இன்னும் நெனச்சிட்டிருக்கா? அவளாண்ட சொல்லிட்டியா?"

"இல்ல சிஸ்டர்."

"அப்ப எங்கிட்ட இன்னாத்துக்கு வந்த?"

அவர் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவர் மன்னித்துவிட்டேன் என்று சொல்வார், அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று வந்திருக்கிறேன். அதுவும் எனக்காகத்தான். அங்கே நின்றபோது அது தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து மலைக்குப் போனேன். காளியம்மா வீட்டு முற்றத்தில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. மல்லிகா முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பதை நெருங்கியவள். தலையை ஒரு பக்கமாகத் திருப்பி இடது கண்ணால் என்னைப் பார்த்து, "யம்மா, முருகேசன் மாமா வந்திருக்காரு" என்றாள். அந்த வீட்டில் இத்தனை வருடமும் எனக்கு மரியாதை. படிச்சவன், மருந்துக்காரன், மலைக்கு ஊசி கொண்டாந்தவன். மோர் கொண்டுவந்து கொடுத்தாள் காளியம்மா. நான் வாங்கவில்லை.

சொன்னேன். ஐஸ் கரைந்தது, போடலாம் என்று சொன்னது, அட்டையை எங்கே வைத்தேன், அன்று அறையில் யார் பொய் சொன்னது. புரிகிறமாதிரி சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். மல்லிகாவின் முறம் நின்றுவிட்டது.

காளியம்மா முற்றத்தில் உட்கார்ந்து, காயும் சாமையைக் கையால் ஓரம் தள்ளினாள். அவள் என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று தயாராக நின்றேன்.

"அப்ப அந்தம்மா தண்ணிய குத்தல."

"இல்ல காளியம்மா. மருந்தத்தான் போட்டாங்க. கெட்டுப்போன மருந்துன்னு அவங்களுக்குத் தெரியாது. போடலாம்னு நாந்தான் சொன்னேன்."

"நான் அவ மேல துப்புனேனே."

அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"எம் புள்ள கண்ணுக்கு மருந்து வெக்க வந்த கைய தட்டி உட்டு துப்புனேனே. நீ அங்கதான நின்ன? பாத்துக்கினுதான நின்ன?"

"ஆமா."

அவள் எழுந்து உள்ளே போனாள். நான் போய்விடலாமா என்று நினைத்தபோது வேறு சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கையில் ஒரு துணிப்பை. முற்றத்துக் கூடையிலிருந்து புளியை அள்ளி அள்ளி அதில் போட்டாள். "எந்திரிடி" என்றாள் மகளிடம். பிறகு என் பக்கம் பார்க்காமல் கேட்டாள்.

"அந்தம்மா எந்த ஊர்ல இருக்கா?"

"சந்தவாசல் பக்கம். ஜமுனாமரத்தூர் போய், போளூர் பஸ் புடிச்சி, அங்க மாறணும். நான் கூட வர்றேன், வூடு எனக்குத் தெரியும்."

"நீ வர வேணா" என்றாள் காளியம்மா. "பேரு சொல்லிக் கேட்டுக்கறோம்."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்தைப் பார்த்து இறங்கினாள். வழியெல்லாம் கல். வலது பக்கம் வரும் கல்லை அவள்தான் மல்லிகாவுக்குச் சொல்லிக்கொண்டே போனாள்.